சந்தைக் குடை

பிம்ப்ரி, புனே
அக்டோபர் 6

அன்புள்ள அண்ணனுக்குத் தங்கை நாகஜோதி எழுதுவது. இங்கே நான், உங்கள் மாப்பிள்ளை, கீர்த்தனா மூவரும் சுகம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது, அண்ணி சர்க்கரை மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறார்களா, முகேஷ் வேலைக்கு நேரத்துக்குப் போகிறானா என்றெல்லாம் எழுதவும்.

போன் இருக்கும்போது இவள் ஏன் தபால் போடுகிறாள் என்று நினைப்பீர்கள். எங்கள் வீடு இரண்டே அறை. குரலைத் தாழ்த்திப் பேசினால்தான் கீர்த்தனாவுக்குக் காது நீளும். வாட்ஸ்அப்பில் போட்டால் எனக்கு முன்னால் அவள் படித்துவிடுகிறாள். இந்த விஷயத்தில் நல்லதோ கெட்டதோ முதலில் எனக்குத் தெரிய வேண்டும். அதனால் கடிதம். நீங்களும் போனில் இதைப் பற்றி வாயைத் திறக்காதீர்கள்.

கீர்த்தனாவுக்குத் திண்டுக்கல் நாகல் நகரிலிருந்து ஒரு இடம் வந்திருக்கிறது. பையன் மோகன்குமார். டிப்ளமா முடித்துவிட்டு, எரிந்துபோன மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் கடை சொந்தமாக வைத்திருக்கிறான். அப்பா, அம்மா, இவன் ஒருவன். ஆறு வரனைத் தள்ளியவள் இந்தப் போட்டோவைப் பார்த்து, “சரிம்மா, விசாரிங்க” என்றாள். லேப் வேலை திண்டுக்கல்லில் கிடைக்காதா என்று அவளாகவே கேட்கிறாள். எனக்கு நம்பவே முடியவில்லை.

தாய்மாமன் நீங்கள் சரி என்று சொல்லாமல் நாங்கள் அடுத்த அடி வைக்கப் போவதில்லை. ஒரு நாள் நேரில் போய் அக்கம்பக்கத்தில் விசாரித்து எழுதுங்கள். பெண் வீட்டார் என்று தெரிந்தால் எல்லோரும் தேனொழுகப் பேசுவார்கள். ஊர் சுற்றிப் பார்க்க வந்தவர் மாதிரி போங்கள். ஜாதகத்தோடு கொடுத்த தாளில் தாய்மாமன் என்ற இடத்தில் உங்கள் பெயரையும் ஊரையும் எழுதியிருக்கிறேன். ஆகையால் பெயரை மட்டும் எங்கும் சொல்லிவிடாதீர்கள். பையன் போட்டோ இதனுடன் வைத்திருக்கிறேன்.

அண்ணிக்கு என் அன்பு.
நாகஜோதி


தொப்பம்பட்டி
அக்டோபர் 15

அன்புள்ள தங்கைக்கு, கடிதம் கிடைத்தது. நாங்கள் நலம். முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. பொன்னழகு மாத்திரை போடுகிறாள், கூடவே மைசூர்பாகும் சாப்பிடுகிறாள். தக்காளி காய்ப்பில் இருப்பதால் உடனே பதில் போட முடியவில்லை.

போட்டோ பார்த்தேன். பொன்னழகும் பார்த்தாள். பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். நம் பையன் முகேஷுக்கும் இருபத்தெட்டு ஆகிறது. நல்ல பையனாகத்தான் இருக்கிறான்.

அடுத்த வாரம் போகிறேன். நீ சொன்னால் செய்யாமல் இருந்திருக்கிறேனா?

கருப்புசாமி


தொப்பம்பட்டி
அக்டோபர் 25

அன்புள்ள தங்கைக்கு அண்ணன் எழுதுவது. மாப்பிள்ளையும் கீர்த்தனாவும் நலமா? எனக்குச் சளி பிடித்திருக்கிறது. எப்படிப் பிடித்தது என்பதுதான் இந்தக் கடிதம்.

புதன்கிழமை முதல் பஸ்ஸில் கிளம்பினேன். ஒட்டன்சத்திரம் தாண்டும்போதே தூறல். திண்டுக்கல்லில் இறங்கும்போது வெளுத்து வாங்கியது. ஐம்பத்தாறு வயதாகிறது, அந்த ஊரில் பஸ் ஸ்டாண்டைத் தவிர எதையும் நான் பார்த்ததில்லை. மதுரைக்கு பஸ் மாறும் இடம், அவ்வளவுதான். ஆட்டோக்காரர்கள் கூப்பிட்டார்கள். ஆட்டோவில் போனால் எதை விசாரிப்பது? குடையை விரித்து நடந்தேன். காய்கறிச் சந்தைக்குக் கொண்டுபோகிற பெரிய குடை. தீபாவளிக் கூட்டத்தில் அதன் கம்பி நாலு பேரையாவது குத்தியிருக்கும். ஒருவரும் கோபப்படவில்லை. நிமிர்ந்து குடையைப் பார்த்தார்கள், என் முகத்தைப் பார்த்தார்கள், வழி விட்டார்கள்.

நாகல் நகருக்கு வழி கேட்டுக்கேட்டுப் போனேன். போகும் வழியில் செருப்பு வார் அறுந்தது. ஒரு காலில் செருப்பும் ஒரு கையில் செருப்புமாக, அவர்கள் தெரு முனையில் சகாயராஜ் என்பவரின் டீக்கடையில் ஒதுங்கினேன். எந்த ஊர் என்று கேட்டார். மதுரை, சும்மா ஊர் பார்க்க வந்தேன் என்றேன். இந்த மழையிலா என்றார். மழையில்தான் ஊர் குளிர்ச்சியாக இருக்கும் என்று சொல்லிவைத்தேன். கடையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். எதிர்மாடியில் ஓர் அம்மாள் ஜன்னலைத் திறந்து என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு உள்ளே போனார். அந்நியரைக் கண்டால் இப்படி முகம் மலர்கிற ஊரை நான் கண்டதில்லை. என் தோட்டத்து மோட்டார் காயில் போய்விட்டது, இங்கே யார் நன்றாகக் கட்டுவார்கள் என்று மெதுவாகப் பேச்சைத் திருப்பினேன். மோகன்குமார்தான் என்று நாலு பேர் ஒரே குரலில் சொன்னார்கள். இஸ்திரி போடுகிறவரும் அதையே சொன்னார், மளிகைக்கடைக்கார அம்மாளும் அதையே சொன்னார்.

பிறகு மலைக்கோட்டைக்குப் போனேன். ஊர் பார்க்க வந்தேன் என்று சொன்ன பிறகு பார்க்காமல் எப்படித் திரும்புவது? அந்தப் பக்கம் போகிற ஒருவர் துணைக்கு வந்தார். பாறையில் வெட்டிய படி, மேலிருந்து தண்ணீர் இறங்கிக்கொண்டே இருக்கிறது. முழங்காலைப் பிடித்துப்பிடித்து ஏறினேன். உச்சியில் ஒரு பீரங்கி நனைந்துகொண்டு நிற்கிறது. மேற்கூரை மிஞ்சிய ஓர் அறையில் ஒரு மணி நேரம் நின்றோம். கீழே ஊர் முழுக்க மொட்டை மாடியும் தகரக் கூரையும் ஈரத்தில் பளபளத்தன. நம் ஊர்ப் பக்கம் மழை கட்டி ஒன்றுமே தெரியவில்லை. இறங்கி வந்து சீரக சம்பா பிரியாணி சாப்பிட்டேன். சூடாக இருந்தது. செருப்பும் தைத்தாயிற்று. அபிராமி அம்மன் கோயில் நடை சாத்திவிட்டார்கள், கோபுரத்தை மட்டும் கும்பிட்டேன். பெரிய பள்ளிவாசலைப் பாலத்து ஓரம் நின்று பார்த்தேன். சாயங்கால பஸ்ஸில் வந்துவிட்டேன்.

பையனைப் பற்றி யாரும் குறை சொல்லவில்லை. ஒரே நாளில் என்ன தெரிந்துவிடும்? அவசரப்பட வேண்டாம்.

கருப்புசாமி


பிம்ப்ரி, புனே
நவம்பர் 4

அன்புள்ள அண்ணனுக்கு, இங்கே யாவரும் நலம். சளி விட்டதா? ஆவி பிடியுங்கள்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். படிக்கட்டுக்கு ஒரு பத்தி, செருப்புக்கு ஒரு பத்தி, பிரியாணிக்குச் சூடு உட்பட எல்லாம் எழுதியிருக்கிறீர்கள். பையனுக்கு இரண்டு வரி. அண்ணா, நான் உங்களைச் சுற்றுலாவுக்கா அனுப்பினேன்? கடைக்குப் போனீர்களா? அவனைக் கண்ணால் பார்த்தீர்களா? போட்டோவில் இருக்கிற மாதிரிதானா?

இன்னொன்று. வாரம் இரண்டு முறை போன் செய்துகொண்டிருந்தவர்கள் தீபாவளிக்குக்கூடப் பேசவில்லை. இவர் கூப்பிட்டார், பையனின் அப்பா எடுத்து, நல்லா இருக்கோம் என்றாராம், வைத்துவிட்டாராம். என்னவென்று தெரியவில்லை. உங்களுக்கு ஏதாவது தெரியுமா?

நாகஜோதி


தொப்பம்பட்டி
நவம்பர் 13

அன்புள்ள தங்கைக்கு, நலம். மழையில் தக்காளி பாதி அழுகிவிட்டது. பொன்னழகின் அக்காளுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடி முடிந்தது.

பையனைப் பார்த்தேன். போட்டோவில் இருக்கிற மாதிரிதான். அவர்களாக ஒதுங்கினால் நாம் என்ன செய்ய முடியும்? உலகத்தில் வேறு பையன் இல்லையா? தெரிந்த வீட்டில், கண் முன்னால் வளர்ந்த பையனாக இருந்தால் விசாரிக்கவே தேவையில்லை.

மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் பாய்ச்சப் போக வேண்டும். இத்துடன் நிறுத்துகிறேன்.

கருப்புசாமி


நாகல் நகர், திண்டுக்கல்
நவம்பர் 14

மதிப்பிற்குரிய கருப்புசாமி ஐயா அவர்களுக்கு, மோகன்குமார் வணக்கத்துடன் எழுதுவது. அன்று நனைந்தது உங்கள் உடம்புக்கு ஒன்றும் செய்யவில்லை என்று நம்புகிறேன். அம்மா அதைத்தான் முதலில் கேட்கச் சொன்னார்கள்.

உங்கள் போன் நம்பர் என்னிடம் இல்லை. புனேயில் கேட்டு வாங்குவது சரியாக இருக்காது. முகவரியை உங்கள் குடையிலிருந்து எழுதியிருக்கிறேன். “மு. கருப்புசாமி, தொப்பம்பட்டி” என்று வெள்ளைப் பெயிண்டில் இருந்தது. நீங்கள் டீக்கடைக்கு வரும்போதே அம்மா மாடியிலிருந்து படித்துவிட்டார்கள். தெருவில் எல்லோரும் படித்துவிட்டார்கள். பெயர் ஜாதகத் தாளில் இருந்ததால் யார் என்று எங்களுக்குத் தெரிந்தது. நீங்கள் மதுரை என்று சொல்ல விரும்பினீர்கள், அதனால் நாங்களும் மதுரை என்றே வைத்துக்கொண்டோம். உங்களைத் தனியாக மலை ஏற விட வேண்டாம் என்று அம்மாதான் என்னை அனுப்பினார்கள். நானும் தெரியாதவன் மாதிரி நடந்துகொண்டேன். அதற்கு மன்னிக்க வேண்டும்.

மலை மேல் நீங்கள் சொன்னதை அப்பாவிடம் சொன்னேன். யாரோ ஒருவர் சொல்லியிருந்தால் காதில் போட்டுக்கொள்ளாமல் விட்டிருப்போம், தாய்மாமன் தன் வாயால் இவ்வளவு தூரம் வந்து சொன்ன பிறகு அந்தப் பெண்ணைக் கேட்பது முறையில்லை என்று அப்பா சொல்லிவிட்டார். எனக்கு வருத்தம்தான், அதை மறைக்கவில்லை. புனேயில் அவர்களுக்கு நாங்கள் காரணம் சொல்லவில்லை. அது உங்கள் குடும்பத்துக்குள் இருக்க வேண்டியது. அவர்கள் மூன்று முறை கூப்பிட்டுவிட்டார்கள், அப்பாவுக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை. நீங்களே பக்குவமாகச் சொல்லிவிட்டால் உதவியாக இருக்கும்.

முழங்காலைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பணிவுடன்
மோகன்குமார்


பிம்ப்ரி, புனே
நவம்பர் 21

அண்ணா, நலமா? இங்கே கீர்த்தனா ஒரு வாரமாகச் சரியாகச் சாப்பிடவில்லை. போனைக் கையிலேயே வைத்திருக்கிறாள். என்னைப் பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்று சொல்லட்டுமே, ஏன் சும்மா இருக்கிறார்கள் என்று நேற்று அழுதாள்.

உங்களுக்கு நான் இருபத்தைந்து வருடமாகத் தூரத்தில் இருக்கலாம். உங்கள் கையெழுத்து எனக்குத் தெரியும். போன கடிதத்தில் எழுத்து ஓடுகிறது, நிற்கவில்லை. அங்கே ஏதாவது சொன்னீர்களா?

நாகஜோதி


தொப்பம்பட்டி
நவம்பர் 30

அன்புள்ள நாகஜோதிக்கு,

சொன்னேன். நான்தான் சொன்னேன்.

துணைக்கு வந்த ஒருவர் என்று எழுதினேனே, அவன்தான் மோகன்குமார். அவன் டீக்கடைக்கு வந்ததுமே போட்டோவை வைத்து அடையாளம் தெரிந்துவிட்டது. நானும் மலைக்குத்தான் போறேன், வாங்க என்று என் கையிலிருந்த செருப்பை வாங்கிக்கொண்டான். படியில் முன்னால் நின்று கை கொடுத்து ஏற்றினான். நம் முகேஷ் அப்படி எனக்குக் கை கொடுத்ததில்லை. அதுவே எனக்கு எரிச்சலாக இருந்தது. குறை கண்டுபிடிக்கத்தான் நான் போயிருக்கிறேன் என்பது அந்தப் படியில்தான் எனக்கே தெரிந்தது.

மேலே அறையில் நின்றபோது நானே அவன் வாயைக் கிளறினேன். கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்டேன். “பாத்துக்கிட்டு இருக்காகய்யா. புனேயில ஒரு பொண்ணு. பூர்வீகம் தொப்பம்பட்டிப் பக்கம்” என்றான். சொல்லும்போது அவன் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்துக்கொண்டேதான் நான் பேசினேன்.

“அந்தப் பக்கமெல்லாம் தாய்மாமன் வூட்டுல பையன் இருந்தா வெளியில குடுக்க மாட்டாங்களே தம்பி. அந்த மாமன் மனசுல என்ன இருக்குதோ, நல்லா விசாரிச்சுக்குங்க” என்றேன்.

அவன் “சரிங்கய்யா” என்று மட்டும் சொன்னான். மதுரைக்காரன் ஒருவனின் வெட்டிப் பேச்சு, சந்தேகத்தை மட்டும் போட்டு வைக்கும் என்று நான் நினைத்தேன். ஆனால் என் குடையில் என் பெயர் இருக்கிறது. சந்தையில் ஒரு தடவை தொலைந்ததால் பொன்னழகு பெயிண்டரிடம் எழுதி வாங்கியது. அங்கே எல்லார் குடையிலும் பெயர் இருக்கும், நானும் மறந்துவிட்டேன். பிடித்திருக்கிறவன் குடையின் மேல்பக்கத்தை எங்கே பார்க்கிறான்? ஊர் முழுக்க என் பெயரைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு மதுரை, மதுரை என்று சொல்லியிருக்கிறேன். அதனால் நான் சொன்னது ஊர்ப் பேச்சாகப் போகவில்லை, தாய்மாமன் உரிமை கேட்டதாகப் போய்விட்டது. அவன் எழுதிய கடிதத்தை இதனுடன் வைத்திருக்கிறேன். படித்துக்கொள்.

இறங்கும்போது என் குடையை அவனே வாங்கி எனக்குப் பிடித்துக்கொண்டு, தான் நனைந்துகொண்டு வந்தான். என்னைப் பிரியாணிக் கடையில் உட்காரவைத்துவிட்டுப் போய்ச் செருப்பைத் தைத்து வந்தான். அந்தப் பேச்சுக்குப் பிறகு, நாகஜோதி. நான் யார் என்று தெரிந்த பிறகு. அந்தச் செருப்பைப் போட்டுக்கொண்டு நடக்க எனக்கு வெட்கமாக இருக்கிறது.

கீர்த்தனாவுக்குக் காது குத்தியபோது மடியில் வைத்திருந்தேன். அன்றிலிருந்து இவள் நம் வீட்டுக்கு என்று நினைத்துவிட்டேன். வாயைத் திறந்து கேட்கவில்லை. பெண்ணைக் கொடுக்கிறேன் என்று நீ வருவாய் என்று இருந்தேன். நீ ஜாதகத்தை வெளியில் கொடுத்தாய். கேட்காதது என் தப்பு, அதை அந்தப் பையன் தலையில் கட்டியது அதைவிடப் பெரிய தப்பு.

கருப்புசாமி


பிம்ப்ரி, புனே
டிசம்பர் 6

அண்ணா,

நலம் விசாரிக்க மனம் வரவில்லை. கோபமாக இருக்கிறேன். பதில் எழுதாமல் இரண்டு நாள் இருந்து பார்த்தேன், கோபம் குறையவில்லை, ஆனால் கீர்த்தனாவுக்கு நாள் ஓடுகிறது.

நான் மறைத்ததையும் சொல்லிவிடுகிறேன். முகேஷைப் பற்றி இரண்டு வருடத்துக்கு முன்பே கீர்த்தனாவிடம் கேட்டேன். “லீவுக்கு லீவு ஊருக்கு வந்து கூடவே வெளையாடி வளந்தவன்மா, எனக்கு அப்படித் தோணல” என்று சொல்லிவிட்டாள். உங்களிடம் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நீங்கள் கேட்டால் இல்லை என்று சொல்ல வேண்டி வருமே என்று, நீங்கள் கேட்காத ஒவ்வொரு வருடமும் நிம்மதியாக இருந்தேன். உங்கள் மனதில் இருப்பது எனக்குத் தெரியாது என்று நினைத்தீர்களா? விசாரிக்க இவருக்குத் திண்டுக்கல்லில் இரண்டு நண்பர்கள் இருக்கிறார்கள். உங்களை அனுப்பியது, பையனைப் பார்த்தால் நீங்களாகவே மனம் மாறுவீர்கள் என்றுதான். நேராகப் பேசியிருக்க வேண்டும். அந்த அளவுக்கு என் தப்பும் இருக்கிறது.

மார்கழி பிறப்பதற்குள் போங்கள். போனில் வேண்டாம். போன தடவை எந்த வழியில் நடந்தீர்களோ அதே வழியில் நடந்து போய்ச் சொல்லுங்கள்.

அண்ணி மாத்திரை போடுகிறார்களா?

நாகஜோதி


தொப்பம்பட்டி
டிசம்பர் 14

அன்புள்ள தங்கைக்கு அண்ணன் எழுதுவது. நாங்கள் நலம், மாப்பிள்ளைக்கும் கீர்த்தனாவுக்கும் என் ஆசி.

நேற்று போய் வந்தேன். முகேஷிடம் முந்தின நாளே பேசினேன். “என்னையக் கேக்காம நீங்களா ஏன்ப்பா நெனச்சீங்க” என்று என்னைத் திட்டினான். பொன்னழகு ஒரு வேளை சாப்பிடவில்லை. பிறகு தோட்டத்துக் காய்கறியை அவளே ஒரு பையில் கட்டிக் கொடுத்தாள், வெறுங்கையோடு போகாதீங்க என்று.

திண்டுக்கல்லில் நல்ல வெயில். பஸ் ஸ்டாண்டிலிருந்து குடையை விரித்துக்கொண்டுதான் நடந்தேன். சொட்டு மழை இல்லை, சந்தைக் குடையோடு ஒருவன் போகிறான் என்று கடைத்தெருவில் வேடிக்கை பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று எழுத்து தெரியும்படி நிமிர்த்திப் பிடித்தேன். டீக்கடை சகாயராஜ் எழுந்து நின்றுவிட்டார். மேலே ஜன்னல் திறந்தது. பையனின் அம்மா கீழே இறங்கி வந்து வாசலில் நின்றார்.

“வாங்கண்ணே. இப்பவாச்சும் எந்த ஊருன்னு சொல்லுவீகளா?” என்றார்.

“தொப்பம்பட்டிங்க. பொண்ணுக்குத் தாய்மாமன்” என்றேன்.

மோகன்குமார் கடையிலிருந்து ஓடி வந்து என் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டான். உள்ளே போய் அவன் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், மறைக்காமல். அவர், சபையில் தாய்மாமன் நீங்கள்தான் முதல் தட்டை எடுத்துக் கொடுக்க வேண்டும், அப்படியானால் தை பிறந்ததும் பூ வைக்க வருகிறோம் என்றார். சரி என்றேன்.

இதைக் கீர்த்தனாவிடம் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நான் செய்ததையும் சேர்த்து அவள் படிக்க வேண்டும். இந்தக் கடிதத்தை மடிக்காமல் அவள் கையில் கொடு.

இப்படிக்கு
மு. கருப்புசாமி, தொப்பம்பட்டி